வீசப்படாத பந்துகளின் கணக்கு

1980களின் இறுதியில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து ஆட்டங்களுக்குத் தவறாமல் வந்த மாணவர்களில் ஒரு கூட்டம், கூடைக்கு நேர் பின்னால் இருந்த இருக்கைகளைத் தங்களுக்கென்று பிடித்து வைத்திருந்தது. ‘ரிஜெக்‌ஷன் ரோ’ என்று அந்த வரிசைக்குப் பெயர். எதிரணி வீசிய பந்தை ஜார்ஜ்டவுன் வீரர் தட்டிவிடும் ஒவ்வொரு முறையும், விரித்த கை ஒன்றின் பெரிய நிழலுருவத்தை அவர்கள் ஒரு பதாகையில் சேர்ப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் பதாகையில் எத்தனை கை என்று எண்ணிப் பார்க்கலாம். 1989இல் செயின்ட் ஜான்ஸ் அணியோடு நடந்த ஆட்டத்தில் ஒரே வீரர் 12 பந்துகளைத் தட்டிவிட்டார். ஏழடி இரண்டங்குல உயரம். அன்று ஸயீர் என்று அழைக்கப்பட்ட காங்கோவிலிருந்து படிக்க வந்தவர். பெயர் டிகெம்பே முட்டோம்போ.

அரங்கத்தின் மின்பலகை புள்ளிகளை மட்டுமே காட்டும். விழாமல் போன கூடைகளுக்கு அதில் இடமில்லை. அந்த இடத்தைத்தான் மாணவர்கள் தங்கள் பதாகையால் நிரப்பினார்கள். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்பிஏவில் 18 பருவங்கள் ஆடி, 2009இல் ஓய்வுபெற்று, 2024 செப்டம்பர் 30 அன்று தமது 58ஆம் வயதில் மூளைப் புற்றுநோயால் முட்டோம்போ இறந்தபோதும் ரசிகர்கள் செய்தது ஏறக்குறைய இதையேதான். அவர் போட்ட கூடைகளைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. உயர்த்தி ஆட்டிய ஆட்காட்டி விரல், சியாட்டில் அரங்கின் தரையில் மல்லாந்து கிடந்த அந்த நெடிய உடல், கரகரத்த அடித்தொண்டைக் குரல், கின்ஷாசாவில் தாயின் பெயரால் எழுப்பிய மருத்துவமனை: இவையே திரும்பத் திரும்ப வந்தன. இதை வெறும் ரசிக உணர்ச்சி என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பந்தைத் தடுப்பவரின் உழைப்பில் பெரும்பகுதி ஆட்ட ஏட்டில் ஏறாத வகையைச் சேர்ந்தது. ஏறாததை ரசிகர்கள் வேறு வழியில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். முட்டோம்போவைப் பொறுத்தவரை அவர்கள் வைத்திருக்கும் கணக்கு, அச்சிட்ட கணக்கைவிட உண்மைக்கு அருகில் இருக்கிறது என்பது என் முடிவு.

அச்சிட்ட கணக்கே காலம் தாழ்ந்து வந்ததுதான். என்பிஏ தடுப்புகளை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1973–74 பருவத்தில். பாஸ்டன் அணிக்காக 13 பருவங்கள் ஆடி 11 முறை கோப்பை வென்ற பில் ரஸலின் காலம் அதற்குள் முடிந்துவிட்டது. வில்ட் சேம்பர்லினும் ஓய்வுபெற்றுவிட்டார். இந்த ஆட்டத்தின் தலைசிறந்த தடுப்பாளர்கள் என்று பலரும் சொல்லும் இந்த இருவர் பெயருக்கு எதிரே அதிகாரபூர்வ எண் ஒன்றும் கிடையாது. எண்ணத் தொடங்கிய அதே அக்டோபரில், லேக்கர்ஸ் அணியின் எல்மோர் ஸ்மித் ஒரே ஆட்டத்தில் 17 பந்துகளைத் தட்டிவிட்டார். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. ரஸலும் சேம்பர்லினும் எத்தனை இரவுகளில் அதைத் தாண்டியிருப்பார்கள் என்பதற்கு அன்று அரங்கில் இருந்தவர்களின் நினைவைத் தவிர வேறு சான்று இல்லை.

தடுப்பு என்பது விதி விட்டுவைத்திருக்கும் மிகச் சிறிய இடைவெளியில் நடக்கும் வேலை. 1940களில் ஜார்ஜ் மைக்கன், பாப் கர்லாண்ட் என்ற இரு நெடிய மாணவ வீரர்கள் வளையத்தருகே நின்றுகொண்டு, கூடைக்குள் விழவிருந்த பந்துகளைக் கடைசி நொடியில் தட்டியெறிந்தார்கள். ஆட்டமே அர்த்தமற்றுப் போகும் என்ற நிலை வந்ததும், கீழ்நோக்கி இறங்கத் தொடங்கிவிட்ட பந்தை யாரும் தொடக் கூடாது என்று அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் 1944இல் விதி வந்தது. எனவே தடுப்பவருக்குக் கிடைப்பது, பந்து வீசியவரின் கையை விட்டு உச்சியைத் தொடும் வரையிலான நேரம் மட்டுமே. கூடைக்கு அருகில் அது ஒரு நொடிகூட இல்லை. அதற்குள் குதிக்க வேண்டும். முந்திக் குதித்தால் ஏமாற்று வீச்சுக்கு இரையாவார், பிந்திக் குதித்தால் பந்து இறங்கத் தொடங்கியிருக்கும், எதிராளியின் கையைத் தொட்டால் தவறு. உயரம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள், ஏழடி தாண்டிய எத்தனையோ வீரர்கள் பந்தைத் தொடவே முடியாமல் விழித்ததைப் பார்க்காதவர்கள்.

இப்படித் தட்டிய பந்து ஏட்டில் ஏறும். ஏறாதது வேறொன்று. பந்தோடு கூடையை நோக்கிப் பாய்ந்து வரும் வீரர் நிமிர்ந்து பார்க்கிறார்; நடுவில் முட்டோம்போ நிற்கிறார்; பந்தை வெளியே இருக்கும் தோழருக்கு அனுப்பிவிட்டுத் திரும்புகிறார். அல்லது கைக்கு எட்டாதபடி வழக்கத்தைவிட உயரமாக வீசுகிறார். பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறிக்கிறது. இரண்டிலும் முட்டோம்போ பந்தைத் தொடவில்லை, ஆகவே அவர் பெயரில் எதுவும் எழுதப்படுவதில்லை. கூடைக்கருகே எதிரணி எத்தனை விழுக்காடு பந்துகளைப் போட்டது என்பதை யார் காவல் நின்றார் என்பதோடு சேர்த்து அளக்கும் படக்கருவிகள் என்பிஏவின் எல்லா அரங்குகளிலும் பொருத்தப்பட்டது 2013–14 பருவத்தில். முட்டோம்போ ஓய்வுபெற்று நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. அவர் அச்சுறுத்தித் திருப்பியனுப்பிய பந்துகளை இனி எந்தக் கருவியாலும் எண்ண முடியாது. தடுப்பாட்டத்தில் ஆண்டின் சிறந்த வீரர் என்ற விருதை 1995, 1997, 1998, 2001 என்று நான்கு முறை அவருக்கு அளித்தவர்கள் விளையாட்டுச் செய்தியாளர்கள். அதுவும் ஒருவகையில் கண்ணால் கண்டவர்களின் வாக்குமூலமே.

*

அவர் கூடைப்பந்துக்காக அமெரிக்கா வந்தவரல்லர். 1966இல் கின்ஷாசாவில் பிறந்தவர், லூபா இனத்தவர். டாக்டராக வேண்டும் என்ற எண்ணத்தோடு, அமெரிக்க அரசின் பன்னாட்டு உதவி நிறுவனம் தந்த கல்வி உதவித்தொகையில் 1987இல் ஜார்ஜ்டவுனுக்கு வந்தார். முதல் ஆண்டு முழுவதும் ஆங்கிலம் கற்பதில் போயிற்று. பிறகுதான் பயிற்சியாளர் ஜான் தாம்சனின் அணியில் ஆடத் தொடங்கினார். அந்தப் பல்கலைக்கழகம் ஏற்கெனவே பேட்ரிக் யூவிங்கை உருவாக்கியிருந்தது. முட்டோம்போவோடு அலோன்சோ மோர்னிங்கும் அதே அணியில் ஆடினார். உயர்ந்த நடுக்கள வீரர்களின் பரம்பரை ஒன்றே அங்கு இருந்தது என்று சொல்லலாம்.

மருத்துவப் படிப்பு கைகூடவில்லை. மொழியியலிலும் ராஜதந்திரத்திலும் பட்டம் பெற்று 1991இல் வெளியே வந்தார். படிக்கும்போது அமெரிக்க நாடாளுமன்றத்திலும் உலக வங்கியிலும் பயிற்சிப் பணி செய்திருக்கிறார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்த்துகீசியம் ஆகியவற்றோடு சிலூபா, லிங்காலா முதலிய மத்திய ஆப்பிரிக்க மொழிகளையும் சேர்த்து ஒன்பது மொழிகள் அவருக்குத் தெரியும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரசிகர்கள் அவரை நினைக்கும்போது முதலில் செய்வது அந்தக் குரலைப் பின்பற்றிப் பேசுவது. அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற, மணல் கலந்த குரல். காங்கோ உச்சரிப்பு ஏறிய ஆங்கிலம். சக வீரர்களும் அறிவிப்பாளர்களும் அப்படிப் பேசிக்காட்டுவார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். அதில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒன்பது மொழி பேசிய ஒரு மனிதரை, அவற்றில் ஒன்றைப் பேசிய விதத்துக்காக மட்டும் நினைவில் வைப்பது அவருக்குச் செய்யும் குறைதான். ரசிகர் கணக்கு உண்மைக்கு அருகில் இருப்பதாகச் சொன்னேன். அது சறுக்கும் இடம் இது.

1991இல் என்பிஏவின் புதிய வீரர் தேர்வில் டென்வர் நகட்ஸ் அணி அவரை நான்காவதாக எடுத்துக்கொண்டது. முதல் பருவத்திலேயே ஆட்டத்துக்குச் சராசரி 16.6 புள்ளிகள், 12.3 ரீபவுண்ட்கள், ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வானார். அந்த 16.6 அவருடைய வாழ்நாள் உச்சம், பிறகு ஒருபோதும் அந்த அளவைத் தொடவில்லை. தொடத் தேவையும் இருக்கவில்லை. டென்வருக்கு அவரிடம் வேண்டியிருந்தது வேறு.

*

1994 மே 7. சியாட்டில் சென்டர் கொலிசியம். முதல் சுற்று ப்ளேஆஃப் தொடரின் ஐந்தாவது, கடைசி ஆட்டம்.

சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் அந்தப் பருவத்தில் 63 வெற்றி, 19 தோல்வி என்று என்பிஏவிலேயே முதலிடத்தில் நின்ற அணி. கேரி பேட்டன், ஷான் கெம்ப் இருவரும் இளமையின் உச்சத்தில் இருந்தார்கள். டென்வருக்கு 42 வெற்றி, 40 தோல்வி. மேற்குப் பிரிவில் எட்டாமிடத்தில் ஒண்டிக்கொண்டு ப்ளேஆஃபுக்குள் நுழைந்த அணி. எட்டாமிடத்து அணி முதலிடத்து அணியைத் தொடரில் வென்றது அதுவரை ஒருமுறைகூட இல்லை. முதல் இரண்டு ஆட்டங்களையும் சியாட்டில் வென்றபோது யாரும் வியக்கவில்லை. பிறகு டென்வரில் நடந்த இரண்டையும் டென்வர் வென்றது. ஐந்தாவது ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிற்று. மாற்று வீரராக வந்த ராபர்ட் பேக் 23 புள்ளிகள் எடுத்தார். 98–94.

கடைசி நொடிகளின் ஒளிப்பதிவைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. சியாட்டிலின் வீச்சு தவறுகிறது. கூட்டத்துக்கு நடுவிலிருந்து நீண்ட இரு கைகள் எழுந்து பந்தைப் பற்றுகின்றன. நேரம் தீர்கிறது. முட்டோம்போ அப்படியே தரையில் சரிந்து மல்லாந்து கிடக்கிறார். பந்தை இரு கைகளாலும் முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறார். கண்கள் இறுக மூடியிருக்க, வாய் அகலத் திறந்திருக்கிறது. சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு முகம். எழுந்திருக்க அவருக்கு அவசரமே இல்லை. எதிரணியின் வீடு அது. சுற்றிலும் ஆயிரக்கணக்கானவர்கள் நம்ப முடியாமல் நிற்கிறார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பந்து தடுப்பாளர் ஒருவரின் மிகப் புகழ்பெற்ற படத்தில் அவர் பந்தைத் தடுக்கவில்லை, கையில் வைத்திருக்கிறார். அந்த ஐந்து ஆட்டங்களில் அவர் தட்டிவிட்ட பந்துகள் 31. ஐந்தாட்டத் தொடருக்கு அது சாதனை. கடைசி ஆட்டத்தில் மட்டும் எட்டு. அந்த 31இல் ஏதாவது ஒன்றை நினைவிலிருந்து வர்ணிக்கும் ரசிகர்கள் அரிது. ஆனால் 31 முறை பந்து திரும்பி வந்ததைப் பார்த்த ஓர் அணி, ஐந்தாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் கூடைக்கருகே எப்படி வீசும், எத்தனை தயங்கும் என்பதை அந்தப் படம் ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. விளைவு மட்டும் அதில் இருக்கிறது. காரணம் முழுவதும் அதற்கு முன்னால் நடந்து முடிந்துவிட்டது. ரசிகர்கள் இந்தப் படத்தைத் தேர்ந்து வைத்துக்கொண்டதில் ஆட்டத்தைப் புரிந்துகொண்ட அறிவு இருக்கிறது.

அடுத்த சுற்றில் யூட்டா ஜாஸ் அணியிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்று, அடுத்த மூன்றையும் வென்று, ஏழாவதில் டென்வர் வீழ்ந்தது. அந்த ஏழு ஆட்டங்களில் முட்டோம்போ தட்டிவிட்டவை 38. அதுவும் சாதனையே. தோற்ற தொடர் என்பதால் அதைப் பற்றிப் பேசுபவர் மிகக் குறைவு.

*

விரலுக்கு வருவோம்.

டென்வரில் இருந்த காலத்தில் தொடங்கியது அது. பந்தைத் தட்டிவிட்டதும் வலக்கையை உயர்த்தி, ஆட்காட்டி விரலை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டுவார். அடுப்பருகே போகும் குழந்தையைப் பார்த்து வீட்டுப் பெரியவர் ஆட்டும் அதே அசைவு. கோபம் தெரியாது, முகத்தில் பாதிச் சிரிப்பு இருக்கும். இங்கே வராதே, இது என் வீடு என்பதே அதன் பொருள்.

தட்டிவிடப்பட்ட வீரருக்கு அது அவமானமாக இருந்ததில் வியப்பில்லை. எதிராளியை நோக்கி அப்படிச் செய்வது சீண்டல் என்று முடிவாகி, நடுவர்கள் டெக்னிக்கல் ஃபவுல் கொடுக்கத் தொடங்கினார்கள். முட்டோம்போ விரலை விடவில்லை, திசையை மாற்றினார். எதிராளிக்கு முதுகைக் காட்டிவிட்டுப் பார்வையாளர்களை நோக்கி விரலை ஆட்டினார். கூட்டத்தை நோக்கி ஆட்டுவதைத் தடுக்க விதி எதுவும் இல்லை.

இந்தச் சிறிய மாற்றத்தின் விளைவு பெரிது என்று நினைக்கிறேன். எதிராளியைச் சீண்டுவதாகத் தொடங்கிய சைகை, அதன்பின் அவருக்கும் அரங்கத்துக்கும் இடையிலான பேச்சாகிவிட்டது. பந்து தட்டப்பட்டதும் ரசிகர்கள் அவருடைய முகத்துக்காகக் காத்திருந்தார்கள். அவர் திரும்பினார், விரலை ஆட்டினார், அரங்கத்தில் ஆயிரம் விரல்கள் சேர்ந்து ஆடின. புள்ளி எடுத்த வீரரின் கொண்டாட்டத்தில் ரசிகருக்குக் கைதட்டும் பங்குதான் உண்டு. இங்கோ எதிரணிக்கு மறுப்புச் சொல்வதிலேயே பங்கு கிடைத்தது. தடை செய்ய வந்த விதிதான் அந்தச் சைகையை ரசிகர்களின் உடைமையாக்கியது. ஒருவர் இறந்த செய்தி கேட்டு ஊர் ஊராக மக்கள் விரலை உயர்த்தி ஆட்டினார்கள் என்றால், அது அவர்கள் பார்த்து வியந்த சைகை மட்டுமல்ல, அவரோடு சேர்ந்து செய்து பழகிய சைகையும்கூட.

அந்த விரல் அவருக்கே திரும்பி வந்த நாளையும் ரசிகர்கள் மறைப்பதில்லை. அவர் அட்லாண்டா ஹாக்ஸ் அணிக்கு மாறியிருந்த 1997 ப்ளேஆஃபில், மைக்கேல் ஜோர்டன் அவருடைய தலைக்கு மேலேயே பந்தைக் கூடைக்குள் அடித்து இறக்கிவிட்டுத் திரும்பி, அதே விரலை அவரைப் பார்த்து ஆட்டினார். முட்டோம்போவின் முதல் பருவத்தில், 1991 நவம்பரில், இதே ஜோர்டன் அவரை வேடிக்கையாகச் சீண்டிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டு ஃப்ரீ த்ரோ போட்டதும் உண்டு. இரண்டையும் முட்டோம்போவின் ரசிகர்களே விரும்பிச் சொல்கிறார்கள். காவல் நிற்பவர் ஒவ்வொரு முறையும் எழும்பியே ஆக வேண்டும். சில முறை தோற்பார், அந்தத் தோல்வி ஆளுயரச் சுவரொட்டியாக அச்சாகும். அந்த அவமானத்துக்கு அஞ்சி ஒதுங்கி நிற்கும் உயரமான வீரர்களும் இருக்கிறார்கள். முட்டோம்போ ஒதுங்கியதில்லை.

2013இல் கார் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தில் அவர் தோன்றினார். அலுவலகத்தில் ஒருவர் கசக்கிக் குப்பைத்தொட்டியில் எறியும் காகிதம், சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டிக்குள் போடப்படும் தானியப் பெட்டி என்று எல்லாவற்றையும் பாய்ந்து வந்து தட்டிவிட்டு விரலை ஆட்டுவார். அவர் ஆடி ஒரு முறையும் பார்த்திராத தலைமுறைக்கு அவரை அறிமுகம் செய்தது அந்த விளம்பரம். அவருடைய ஆட்டத்தைப் பார்க்காமலே அவரை நேசித்தவர்கள் இப்படித்தான் உருவானார்கள்.

*

எண்களையும் சொல்லிவிட வேண்டும். 1,196 ஆட்டங்களில் 3,289 தடுப்புகள். அவருக்கு மேலே இருப்பவர் நைஜீரியாவில் பிறந்த ஹக்கீம் ஒலாஜுவான் மட்டுமே, 3,830. 1994 முதல் 1998 வரை ஐந்து பருவங்கள் தொடர்ந்து மொத்தத் தடுப்புகளில் முட்டோம்போவே முதலிடம்.

முதலிடத்தில் இருப்பவரை விட்டு இவரை ஏன் தடுப்பாளர் என்ற பெயருக்கே உரியவராக நினைக்கிறார்கள்? ஒலாஜுவானைப் பற்றிப் பேச்செடுத்தால் அவருடைய கால்களைப் பற்றித்தான் பேசுவார்கள்; எதிராளியைச் சுழலவைத்து நிற்கவைக்கும் அந்த நடன அசைவுகளும் இரண்டு கோப்பைகளும் தடுப்புகளை மறைத்துவிடுகின்றன. ஒரே பருவத்தில் 456 பந்துகளைத் தட்டிய யூட்டாவின் மார்க் ஈட்டனைவிட அதிகம் தட்டியவர் கிடையாது. ஆனால் அவர் அமைதியாக வேலையைப் பார்த்துவிட்டுப் போனவர், அவருடைய உழைப்பைக் குறிக்க ஓர் அடையாளம் இல்லை. ஏழடி ஏழங்குல உயரமுள்ள மனூட் போல், தெற்கு சூடானின் டிங்கா இனத்தவர். என்பிஏவில் 2,086 பந்துகளைத் தட்டி, 1,599 புள்ளிகள் மட்டும் எடுத்தவர். எடுத்ததைவிடத் தடுத்தது அதிகம் என்ற பெருமை உடைய அவரை, ஐயோ பாவம், மக்கள் உயரத்துக்காக மட்டுமே வேடிக்கை பார்த்தார்கள். சம்பாதித்ததில் பெரும்பகுதியைச் சூடான் அகதிகளுக்குக் கொடுத்துவிட்டு 2010இல் இறந்துபோனார். அவருக்கு ரசிகர்கள் பட்ட கடன் இன்னும் தீரவில்லை என்றே எனக்குப் படுகிறது. முட்டோம்போவுக்கு அந்தக் கதி நேராததற்கு விரல் ஒரு காரணம். தன் வேலையை மக்கள் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை அவரே கற்றுக்கொடுத்தார்.

அவருடைய வகை ஆட்டத்துக்கு விதியே எதிராகத் திரும்பியதும் நடந்தது. 2001–02 பருவத்தில் என்பிஏ மண்டலத் தடுப்பாட்டத்தை அனுமதித்தது. கூடவே, கூடைக்கு முன்னுள்ள பகுதியில் யாரையும் நெருங்கிக் காக்காமல் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்றும் விதித்தது. கூடைக்கருகே நிலையாகக் காவல் நின்று பழகியவருக்கு அது இடைஞ்சல். அதற்கு முந்தைய மாதங்களில்தான், 2001 பருவத்தின் நடுவில் பிலடெல்பியாவுக்கு மாறி, அந்த அணியின் இறுதிப்போட்டி வரையிலான பயணத்தில் பங்கெடுத்திருந்தார். லேக்கர்ஸின் ஷாகில் ஓ’நீலை ஒற்றை ஆளாகத் தாங்கினார். ஓ’நீல் ஆட்டத்துக்கு 33 புள்ளிகள் எடுத்தார், தொடர் 4–1 என்று முடிந்தது. கோப்பை அவருக்கு ஒருநாளும் கிட்டவில்லை.

கடைசி ஐந்து பருவங்கள் ஹூஸ்டனில், சீனாவின் யாவ் மிங்குக்கு மாற்று வீரராக. ஹூஸ்டன் ரசிகர்கள் இந்தக் காலத்தைச் சொல்லும்போது குரலில் ஒரு தனிக் கனிவு வரும். 2007 ஜனவரியில் வாழ்நாள் தடுப்புகளில் கரீம் அப்துல்-ஜப்பாரைத் தாண்டி இரண்டாமிடத்துக்கு வந்தார். அதே ஆண்டு மார்ச்சில், 40 வயதில், தம் பழைய டென்வர் அணிக்கு எதிராக 22 ரீபவுண்ட்கள் பிடித்தார். 2008 பிப்ரவரியில் ஹூஸ்டன் தொடர்ந்து 12 ஆட்டங்களை வென்றிருந்த நிலையில் யாவ் மிங்கின் பாதத்தில் எலும்பு விரிசல். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது 41 வயதுக்காரர் நடுவில் போய் நின்றார். வெற்றித்தொடர் 22 வரை நீண்டது. ஓராண்டு கழித்து, 2009 ஏப்ரலில், போர்ட்லாண்டில் நடந்த ப்ளேஆஃப் ஆட்டத்தில் முழங்காலில் பலத்த காயமடைந்து வெளியேறினார். அதோடு ஆட்டம் முடிந்தது என்று அவரே அறிவித்துவிட்டார்.

அட்லாண்டாவும் டென்வரும் அவருடைய 55ஆம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை.

*

மருத்துவமனையைப் பற்றி எழுதும்போது எச்சரிக்கை வேண்டும். விரலையும் மருத்துவமனையையும் இணைத்து, மரணத்தையும் தடுத்தவர் என்பது போல எழுதிவிடுவது எளிது. இறந்த வாரத்தில் அப்படிப் பலர் எழுதினார்கள். நடந்தது அதைவிடக் கடினமான விஷயம்.

அவருடைய தாய் பியாம்பா மரி, கின்ஷாசாவில் கலவரமும் ஊரடங்கும் இருந்த நாளில் உடல்நலம் குன்றினார். தெருக்கள் அடைக்கப்பட்டிருந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை. உயிர் போயிற்று. மகன் அப்போது உலகின் அதிகச் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களில் ஒருவர். அட்லாண்டா அவரை எடுத்துக்கொண்டது ஐந்தாண்டுக்கு ஐந்தரைக் கோடி டாலருக்கு. டாக்டராகி ஊர் திரும்புவேன் என்று புறப்பட்டவருக்கு அந்தப் பணம் அன்று எதற்கும் உதவவில்லை. 1997இல் தொடங்கியிருந்த அறக்கட்டளையின் வழியாக நகரின் ஏழைப் புறப்பகுதியான மசினாவில் 300 படுக்கை மருத்துவமனையைக் கட்டினார். மொத்தச் செலவு சுமார் 2.9 கோடி டாலர், அதில் ஒன்றரைக் கோடி அவருடைய சொந்தப் பணம். யூவிங்கும் மோர்னிங்கும் நன்கொடை தந்தார்கள். உள்நாட்டுப் போரால் சிதைந்த நாட்டில் கட்டுமானம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2007இல் பியாம்பா மரி முட்டோம்போ மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஆண்டு உரை நிகழ்த்திய அதிபர் புஷ், பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருந்த முட்டோம்போவைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அப்போதும் அவர் ஆடிக்கொண்டிருந்தார்.

இதற்கும் முன்னால் ஒரு செய்தி உண்டு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு ஸயீரின் பெண்கள் கூடைப்பந்து அணி வந்தபோது சீருடைக்கும் செலவுக்கும் பணம் கொடுத்தவர் முட்டோம்போ. எந்தப் படமும் எந்த விரலும் இல்லாத செய்தி என்பதால் ரசிகர்களின் பேச்சில் இது அடிபடுவதே இல்லை. எனக்கு அவரைப் பற்றித் தெரிந்தவற்றில் மிகவும் பிடித்தது இதுதான்.

மசினாவில் குழந்தை பெற்றுக்கொள்ள வரும் பெண்ணுக்கு 1994 மே 7 அன்று என்ன நடந்தது என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. அங்கே அந்தப் பெயர் ஒரு கட்டடத்தின் பெயர், ஒரு தாயின் பெயர். டென்வரில் அது ஒரு விரல். இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்க ரசிகர்கள் முயல்வதைப் புரிந்துகொள்ள முடிகிறது. நேசித்தவர் நல்லவராகவும் இருந்துவிட்டால் வரும் நிறைவு அது. இருந்தாலும் எனக்கு இவை இரண்டையும் தனித்தனியே நிறுத்தத் தோன்றுகிறது. விரல் அவருடைய ஆட்டத்திலிருந்து வந்தது. மருத்துவமனை, கின்ஷாசாவிலிருந்து புறப்பட்ட மாணவனின் நிறைவேறாத படிப்பிலிருந்தும், அடைபட்ட ஒரு தெருவிலிருந்தும் வந்தது. ஆட்டம் அதற்குப் பணம் கொடுத்தது.

இரு காங்கோ நாடுகளிலிருந்தும் அவருக்குப் பின் வந்தவர்கள் இரண்டையுமே எடுத்துக்கொண்டார்கள். பிரஸ்ஸாவில்லில் பிறந்த செர்ஜ் இபாக்கா, லுபும்பாஷியில் பிறந்த பிஸ்மாக் பியோம்போ இருவரும் பந்து தட்டுவதிலேயே பெயர் எடுத்தவர்கள். 2016 ப்ளேஆஃபில் டொரான்டோ அணிக்காக ஆடிய பியோம்போ, பந்தைத் தட்டிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து விரலை ஆட்டினார். அரங்கத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 2021இல் பியோம்போவின் தந்தை இறந்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஃபீனிக்ஸ் அணியில் சேர்ந்த அவர், அந்தப் பருவத்தின் சம்பளம் முழுவதையும் காங்கோவில் தந்தையின் பெயரால் ஒரு மருத்துவமனை கட்டக் கொடுத்துவிட்டார்.